ஐந்துக்கு எத்தனை

மண்டபம், வடகடல் ஓரம், ஐஸ் கம்பெனி அலுவலகம்.
இரவு ஒன்றே கால்.
கட்டி நொறுக்கும் இயந்திரம் நிற்கிற இடைவெளிகளில்தான்
எனக்குப் படிக்க வாய்க்கிறது.
ஆசிரியர் சென்னையிலிருந்து மூன்று அனுப்பியிருக்கிறார்:
ஒரு பேய் நாவல், ஒரு விண்வெளி நாவல்,
ஒரு கணினி விளையாட்டு.
வெள்ளிக்கிழமைக்குள் முந்நூறு சொல் வீதம்.
கீழே ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று
தவறாமல் போட வேண்டும்.

பேய் நாவலில், மூழ்கிப்போனவர்கள்
அமாவாசைதோறும் வந்து கதவைத் தட்டுகிறார்கள்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒருத்தி
நடுங்கிக்கொண்டே கேட்கிறாள், "யார் அது?"
எழுதியவர் கரையில் குடியிருந்ததில்லை.
தட்டினால் யாரென்று கேட்க மாட்டோம், ஐயா.
ஓடிப்போய்த் திறப்போம்.
சட்டியில் சோறு இருக்கிறதா என்று
திரும்பிப் பார்த்துக்கொண்டே திறப்போம்.
பயமெல்லாம் தட்டாத கதவில்.
(இந்த வரியை எழுதி அடித்துவிட்டேன்.
விமர்சனத்தில் அழக் கூடாது என்பது ஆசிரியர் விதி.)
நடை நன்று. அட்டை கையில் ஒட்டுகிறது. இரண்டரை.

விண்வெளி நாவலுக்கு இரண்டு நிலா.
இரண்டு நிலா என்றால் ஓதம் எப்படி ஏறும்,
எந்த நாள் வற்றும், ஒரு வரி இல்லை.
ஆறு தலைமுறையாய் அந்தக் கிரகத்தில் மீன் பிடிக்கிறார்களாம்,
ஒருவன்கூட அண்ணாந்து பார்த்து
இன்றைக்கு வலையை எடுப்பதா என்று யோசிக்கவில்லை.
ஆனாலும் அந்த எந்திரப் பெண்
தன் நினைவுகளில் எதை முதலில் அழிப்பதென்று
கடைச் சாமான் சீட்டுப் போல எழுதிவைக்கும் அத்தியாயம் -
பில் போடுவதை மறந்துவிட்டேன்.
வெளியே வேன்காரர் ஹாரன் அடித்து அடித்துக்
கடைசியில் இறங்கியே வந்துவிட்டார்.
நாலரை போட வேண்டியது.
நிலாவுக்காக அரை பிடித்தம்.

விளையாட்டைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.
கப்பல், தீவு, சாபம் பிடித்த அரசன்,
ஆழத்தில் கண்ணில்லாத ஒரு பூதம்.
என் பழைய மடிக்கணினி சூடேறி இரைத்தது.
ஐஸ் கட்டிமேல் சாக்கு விரித்து வைத்துக்கொண்டேன்.
தண்ணீரை அழகாகச் செய்திருக்கிறார்கள்.
ஆனால் கச்சான் இல்லை, வாடை இல்லை,
காற்று என்றால் பாயைப் புடைக்க வைக்கும் ஒரு படம், அவ்வளவுதான்.
பிடித்த மீன் அழுகுவதே இல்லை.
அந்த உலகத்தில் எனக்கு வேலை கிடைக்காது.

அப்போது கிளாட்வின் வந்தான்,
விடிந்தால் டோக்கன், நாற்பது கட்டி வேண்டும் என்று.
"கொஞ்சம் தா பிரிசில்டா" என்று உட்கார்ந்தான்.
பூதத்தைக் கண்டுகொள்ளவில்லை. அரசனிடம் பேசவில்லை.
கப்பலைத் திருப்பி நேராக வடகிழக்கே விட்டான்.
கால் மணி நேரம் தண்ணீர், தண்ணீர்.
பிறகு திரை மங்கி எழுத்து வந்தது:
வரைபடம் இங்கே முடிகிறது. திரும்பிச் செல்லவும்.
பத்து நொடி எண்ணியது.
கப்பலைத் தூக்கிப் பழைய துறையிலேயே வைத்தது,
ஆள் ஒருவனும் குறையாமல்,
வலையில் ஒரு கண்ணி அறாமல்.

மறுபடி போனான்.
மறுபடி பத்து நொடி. மறுபடி துறை.
ஐந்தாம் முறை சிரிக்கத் தொடங்கினான்.
பதினொரு மாதம் யாழ்ப்பாணத்துச் சிறையில் கிடந்தவன்;
அவன் படகு இன்னும் அங்கேதான், மழையில் உளுத்துக்கொண்டு.
இப்போது வேறொருவர் படகில் கூலி.
"பத்து நொடி குடுக்கிறான் பாரேன்" என்றான்.
"எண்ணிக் குடுக்கிறான்."

கட்டிகளை ஏற்றிக்கொண்டு அவன் போனபின்
எழுத உட்கார்ந்தேன்.
கதைக்கு ஒன்று.
பூதத்துக்கு அரை, பல் வரிசை பரவாயில்லை.
அந்தக் கோட்டுக்கு எத்தனை போடுவது?
இந்த ஆண்டு நான் படித்த, ஆடிய எல்லாவற்றிலும்
துளிகூட நம்ப முடியாத கற்பனை அதுதான்.

காலையில் ஆசிரியர் கூப்பிட்டார்.
"மூணாவதுக்கு நட்சத்திரம் விட்டுப்போச்சே?"
"படகு நாளைக்குக் காலையில வரும் சார்.
வந்ததும் போடுறேன்."
எந்தப் படகு என்று அவர் கேட்கவில்லை.
அட்டைப்படம் தெளிவாக இல்லை,
வெளிச்சத்தில் வைத்து இன்னொன்று எடுத்து அனுப்பச் சொன்னார்.